எல்லை தாண்டாத பணம்: இரண்டு நாடுகள் சேர்ந்து தரும் ஆராய்ச்சி நிதி பற்றிச் சில குறிப்புகள்

போன தைப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ரீல்ஸ் புண்ணியத்துல இப்ப கூமாப்பட்டின்னா எங்கன்னு யாரும் கேக்குறதில்ல. முன்னெல்லாம் வத்திராயிருப்புக்குப் பக்கத்துல, பிளவக்கல் அணைக்குப் போற வழின்னு விளக்கணும். அது கிடக்கட்டும். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு சத்திரப்பட்டியில இருந்து அத்தை மகன் வந்தான். கையில ஒரு கத்தைத் தாள், முப்பது பக்கத்துக்கு மேல இருக்கும், முழுக்க ஆங்கிலம்.

"மாப்ள, வெளிநாட்டுக் கம்பெனிகூடச் சேந்து புதுச் சரக்கு கண்டுபிடிச்சா பாதிக் காசு கவர்மெண்ட் கொடுக்குதாம். நம்ம பங்கு பாதி. அதுக்குத் தோப்ப பேங்க்ல வச்சிரலாம்னு பாக்கேன். இதப் படிச்சிட்டு ஒரு வார்த்த சொல்லு."

தோப்புன்னு அவன் சொன்னது கூமாப்பட்டியில அத்தை பேர்ல இருக்கிற தென்னந்தோப்பு. அத்தைக்கு மாசச் செலவு அதுலதான் ஓடுது. ஒரு வார்த்தையில சொல்லி முடிக்கிற விஷயமா எனக்குத் தெரியல. அடுத்த ரெண்டு மாசம், ஆபீஸ் வேலை முடிஞ்ச ராத்திரிகள்ல இதைத் தோண்டினேன். அப்போது எழுதி வைத்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. கணினிப் பொறியாளன். அதனால் இதையும் ஒரு மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பது போலத்தான் பார்த்திருக்கிறேன்: உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, எங்கே உடையும்.

1. முதலில், ஒரு துணியின் கதை

சத்திரப்பட்டி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே விசைத்தறிச் சத்தம் ஓயாது. நெய்வது பெரும்பாலும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும்தான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றும் அந்த வெள்ளைத் துணி. இழை நெருக்கம் குறைவு, நூல் கணக்கும் எளிது. நெய்து, வெளுத்து, வெட்டி, சுருட்டி அனுப்ப வேண்டியதுதான். யார் வேண்டுமானாலும் நெய்யலாம் என்பதால் மீட்டருக்குப் பைசாக் கணக்கில்தான் லாபம். நூல் விலை ஏறினால் அதுவும் போச்சு.

இது மாதிரியான ஒரு காஸ் துணியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் வேறொன்று செய்தார்கள். துணியில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைப் படிய வைத்தார்கள். ரத்தத்தில் உறைதலைத் தொடங்கி வைக்கும் புரதம் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டாம் காரணி என்பார்கள். கயோலின் அதைத் தூண்டிவிடுகிறது. கட்டுப்போட முடியாத ஆழமான காயத்தில் இந்தத் துணியைத் திணித்து அழுத்தினால் ரத்தம் சீக்கிரம் உறைகிறது. காம்பாட் காஸ் என்று பெயர். 2008-ல் அமெரிக்க ராணுவத்தின் களமருத்துவக் குழு இதைப் பரிந்துரை செய்தது. இதற்குப் பின்னாலிருந்த ஆய்வுக்கு அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகம் பணம் கொடுத்திருந்தது. இந்தியாவிலும் அகமதாபாத்தைச் சேர்ந்த ஆக்ஸியோ பயோசொல்யூஷன்ஸ், கைட்டோசான் என்ற பொருளை வைத்து ரத்தம் நிறுத்தும் கட்டு செய்து விற்கிறது. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது.

அத்தை மகன் மனசிலும் இதுதான். துணி நம்மகிட்ட இருக்கு, மேல பூசுற வித்தை வெளிநாட்டுல ஒருத்தன்கிட்ட இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்தா என்ன? கேள்வி நியாயமானது. அதற்கு அரசு எதற்குப் பணம் தர வேண்டும் என்பதுதான் அடுத்த கேள்வி.

2. கம்பெனி லாபத்துக்கு ஏன் பொதுப்பணம்?

என் முதல் எதிர்வினையும் இதுதான். லாபம் அவனுக்கு, செலவு மட்டும் நமக்கா?

இதற்குப் பொருளாதார வல்லுநர்கள் சொல்லும் பதில் பழையது. 1962-ல் கென்னத் ஆரோ எழுதிய கட்டுரையில் அது தெளிவாக இருக்கிறது. புது அறிவைக் கண்டுபிடிக்க ஒருவர் செலவு செய்கிறார். ஆனால் அந்த அறிவின் பயன் முழுவதையும் அவரே வைத்துக்கொள்ள முடியாது. பக்கத்துத் தறிக்காரர் பார்த்துக் கற்றுக்கொள்வார், வேலை பார்த்த ஆள் வேறு இடம் போவார், வாங்குகிறவருக்கும் விலைக்கு மேல் பயன் கிடைக்கும். செலவும் நட்ட ஆபத்தும் ஒருத்தருக்கு, பயன் பத்துப் பேருக்கு. அதனால் தனியாரை அப்படியே விட்டால் ஊருக்குத் தேவையான அளவுக்கு ஆராய்ச்சி நடக்காது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பொதுப்பணம்.

இந்தியாவில் அந்த இடைவெளி பெரியது. 2020-21 கணக்குப்படி நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போனது 0.64 சதவீதம்தான். தென்கொரியாவும் இஸ்ரேலும் 5 சதவீத அளவிலும் அதற்கு மேலும் செலவழிக்கின்றன. அதைவிட முக்கியம், நம்முடைய அந்த 0.64-லும் தனியார் நிறுவனங்களின் பங்கு சுமார் 36 சதவீதம்தான். அந்த நாடுகளில் பெரும்பகுதியே தனியார் செலவு.

எல்லா ஆராய்ச்சிக்கும் இந்த நிதி கிடையாது. ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பழுத்திருக்கிறது என்று அளக்க நாசா ஒரு அளவுகோல் உருவாக்கியது. 1 முதல் 9 வரை படி. 1 என்றால் தாளில் இருக்கும் யோசனை. 9 என்றால் களத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள். கீழ்ப்படிகளுக்குப் பல்கலைக்கழகப் பணம் இருக்கிறது. மேல்படிகளுக்கு வங்கி இருக்கிறது. நடுவில், ஆய்வகத்தில் ஒருமுறை வேலை செய்த ஒன்றைத் தொழிற்சாலையில் ஆயிரம் முறை வேலை செய்ய வைக்கும் அந்தப் பகுதிக்குத்தான் யாரும் பணம் தருவதில்லை. நாம் பேசும் நிதி அந்த நடுப்பகுதிக்கானது.

3. எல்லை தாண்டுவது எதற்கு?

1977-ல் அமெரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து பேர்டு என்ற அறக்கட்டளையைத் தொடங்கின. இரண்டு அரசுகளும் சமபங்கு போட்டு, மூலநிதி பிறகு 11 கோடி டாலராக உயர்ந்தது. யோசனை எளிது. இஸ்ரேலில் பொறியாளர்கள் உண்டு, சந்தை சிறியது. அமெரிக்காவில் சந்தை உண்டு. இங்கிருந்து ஒரு கம்பெனி, அங்கிருந்து ஒரு கம்பெனி, ஜோடியாக வந்தால் மட்டும் பணம். தனியாக வந்தால் கிடையாது.

பேர்டின் விதிகள்தான் பின்னால் வந்த பல திட்டங்களுக்கு அச்சு. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வளர்ச்சிச் செலவில் பாதி வரை அறக்கட்டளை தரும். பங்கு கேட்காது, காப்புரிமையும் கேட்காது. பொருள் விற்றால், விற்பனையில் 5 சதவீதம் வீதம் திருப்பித் தர வேண்டும். எத்தனை ஆண்டில் கட்டி முடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, அதிகபட்சம் வாங்கியதில் 150 சதவீதம் வரை. விலைவாசிக் கணக்கு தனி. விற்கவில்லை என்றால் ஒன்றும் தர வேண்டாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் வாங்கினீர்கள், பொருள் ஆண்டுக்கு 2 கோடிக்கு விற்கிறது. 5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 10 லட்சம். நாலு ஆண்டில் அசல் முடிந்துவிடும். 150 சதவீதம் வரை கட்டினால் ஆறு ஆண்டு. பொருள் தோற்றால் 40 லட்சமும் அறக்கட்டளைக்கு நட்டம். இப்படிப்பட்ட கடனை எந்த வங்கியும் தராது. இது மானியமும் இல்லை, கடனும் இல்லை. நிபந்தனை மானியம் என்று சொல்லலாம். எனக்கு இது குத்தகை வாரம் மாதிரி தோன்றியது. விளைந்தால் பங்கு, வறண்டால் இல்லை.

ஐரோப்பாவில் வேறு வழி. 1985-ல் பிரான்ஸ் முன்னின்று 17 நாடுகள் சேர்ந்து யுரேக்கா என்ற அமைப்பைத் தொடங்கின. யுரேக்காவுக்கு என்று பெரிய உண்டியல் கிடையாது. ஒரு திட்டத்துக்கு யுரேக்கா முத்திரை கிடைத்தால், ஒவ்வொரு நாட்டு அரசும் தன் நாட்டுக் கம்பெனிக்குத் தானே பணம் தரும்.

இதில் என்ன விளைந்தது என்று கேட்டால் ஒரே உதாரணம் போதும். 2000-களில் நம்ம ஊர் டீக்கடை, மினிபஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் பென்டிரைவில் ஓடியது எம்பி3 பாட்டு. அந்த எம்பி3-இன் வேர்களில் ஒன்று, 1987-ல் தொடங்கிய டிஜிட்டல் வானொலிக்கான யுரேக்கா 147 என்ற திட்டம். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமும் எர்லாங்கன் பல்கலைக்கழகமும் அதன் கீழ் ஒலியைச் சுருக்கும் ஆய்வில் இறங்கின. 1995-ல் கோப்புக்கு .எம்பி3 என்ற வால் வைத்தார்கள். 2017-ல் அதன் உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். தொடங்கியபோது எல்லாரும் எதிர்பார்த்தது டிஜிட்டல் வானொலியை. உலகம் முழுக்கப் பரவியது பாட்டுக் கோப்பு. ஆராய்ச்சிப் பணத்தின் குணமே இதுதான், எந்த வாய்க்காலில் போய்ப் பாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

4. பணம் எல்லை தாண்டுவதில்லை

இதுதான் நான் கண்டுகொண்டதில் முக்கியமானது. அத்தை மகனும் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டது இதைத்தான். வெளிநாட்டு அரசு நமக்கு டாலர் அனுப்பும் என்று நினைத்திருந்தான்.

பெரும்பாலான இருநாட்டுத் திட்டங்களில் அப்படி நடப்பதில்லை. இந்தியப் பங்காளிக்கு இந்திய அரசு ரூபாயில் தரும். அந்த நாட்டுப் பங்காளிக்கு அந்த அரசு அதன் பணத்தில் தரும். சேர்ந்து நடப்பது அறிவிப்பு, தேர்வு, மதிப்பீடு மட்டும். பேச்சுக்குத்தான் ஒரே உண்டியல், உள்ளே இரண்டு பெட்டி.

நம்ம ஊர்க் கூட்டுக் கிணறு போல என்று அவனிடம் சொன்னேன். அண்ணன் தன் காசில் மோட்டார் வைக்கிறான், தம்பி தன் காசில் பைப் போடுகிறான். ஒருத்தன் காசை இன்னொருத்தன் தொடுவதில்லை. ஆனால் ஒருத்தன் பின்வாங்கினால் ரெண்டு பேருக்கும் தண்ணீர் கிடையாது.

ஏன் இப்படி? தன் வரிப்பணம் இன்னொரு நாட்டுக் கம்பெனிக்குப் போனது என்று எந்த அரசும் தன் பாராளுமன்றத்தில் சொல்ல விரும்பாது. தணிக்கையும் எளிது, அவரவர் கணக்கை அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே உண்டியலாக நிஜமாகவே தொடங்கியவையும் உண்டு. அதில் இந்தியாவின் கதை ஒன்று சுவாரசியமானது. 1954-ல் அமெரிக்கா கொண்டுவந்த பி.எல். 480 சட்டத்தின் கீழ் நமக்குக் கோதுமை வந்தது. நம் தாத்தா பாட்டி காலத்து ஆட்கள் அமெரிக்கன் கோதுமை என்று சொல்வார்களே, அதுதான். டாலர் இல்லாததால் இந்தியா ரூபாயில் விலை கொடுத்தது. அந்த ரூபாய் அமெரிக்காவின் கணக்கில் இங்கேயே குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன், அதில் பெரும்பகுதியை இந்தியாவுக்கே விட்டுக்கொடுத்து ஒரு காசோலை தந்தார். தொகை 1,664 கோடி ரூபாய். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸில் ஏறியது. மீதமிருந்த ரூபாயிலிருந்து 1987-ல் அமெரிக்க-இந்திய நிதி உருவானது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கியபோது அமெரிக்கத் தரப்பின் முதல் அந்த மிச்ச ரூபாயிலிருந்துதான் வந்தது. 2009-ல் ஒப்பந்தமான இருநாட்டு அறிவியல் தொழில்நுட்ப நிதியை இப்போது நடத்துவதும் அந்த மன்றமே. ஆக, ரேஷன் கடையில் தாத்தா வாங்கிய கோதுமைக்கான காசில் ஒரு துளி, பேரன் காலத்தில் ஆராய்ச்சிப் பணமாகியிருக்கிறது.

5. இந்தியாவில் யார் யார்?

குழப்பமாக இருந்ததால் அத்தை மகனுக்காக ஒரு பட்டியல் போட்டேன்.

தொழில்நுட்ப வளர்ச்சி வாரியம். 1995-ல் சட்டம், 1996 செப்டம்பரில் வாரியம். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்கும் கம்பெனிகள் அதற்குக் கட்டும் தொகையின் மேல் 5 சதவீதம் வரை தீர்வை விதிக்க 1986-ல் ஒரு சட்டம் இருந்தது. அந்தத் தீர்வையிலிருந்து உள்நாட்டுத் தொழில்நுட்பத்துக்கு உதவுவதே வாரியத்தின் யோசனை. ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-ல் மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை மலிவாகக் கொண்டுவந்ததற்கு இந்த வாரியத்தின் உதவி உண்டு. ஜிஎஸ்டி வரும் முன்பு, 2017 ஏப்ரலில் அந்தத் தீர்வை நீக்கப்பட்டது.

கீட்டா. இந்தியத் தொழில் கூட்டமைப்பான சிஐஐ 51 சதவீதமும் மேற்சொன்ன வாரியம் 49 சதவீதமும் வைத்திருக்கும் லாபநோக்கற்ற கம்பெனி. கனடா, பின்லாந்து, கொரியா, ஸ்பெயின், ஸ்வீடன், தைவான், பிரிட்டன் ஆகியவற்றோடு தொழில் ஆராய்ச்சித் திட்டங்களை இந்தியத் தரப்பில் நடத்தியிருக்கிறது.

ஐ4எஃப். இந்திய-இஸ்ரேல் தொழில் ஆராய்ச்சி நிதி. 2017 ஜூலையில் பிரதமர் இஸ்ரேல் போனபோது அறிவித்தது. ஒவ்வொரு நாடும் 2 கோடி டாலர், மொத்தம் 4 கோடி டாலர், ஐந்து ஆண்டுகளுக்கு. அதாவது ஒரு தரப்புக்கு ஆண்டுக்கு 40 லட்சம் டாலர். பெயர் பெரிதாக இருந்தாலும் 140 கோடிப் பேர் நாட்டுக்கு இது சின்னப் பானை என்பதைக் கவனியுங்கள்.

இந்திய-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையம், குருகிராம். 2010-ல் தொடங்கியது. இங்கே இரண்டு கூட்டல் இரண்டு என்ற முறை. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு ஆராய்ச்சி நிறுவனம், ஒரு கம்பெனி, ஆக நாலு பேர். பிரான்ஸோடு 1987 முதல் இருக்கும் செஃபிப்ரா இதற்கு முந்தையது, அது அடிப்படை ஆராய்ச்சியில் தொடங்கியது.

இதோடு கலந்துவிடக் கூடாத இன்னொன்று: திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் இருக்கும் இந்திய-இஸ்ரேல் காய்கறி மகத்துவ மையம். நம்ம பக்கத்து விவசாயிகள் பலர் நாற்று வாங்கப் போயிருப்பார்கள். அதுவும் இரு அரசுக் கூட்டுதான். ஆனால் அங்கே நடப்பது ஏற்கெனவே தெரிந்த தொழில்நுட்பத்தைச் செய்து காட்டிப் பரப்புவது. புதுப்பொருள் உருவாக்கும் ஆபத்தைப் பகிர்ந்துகொள்வது இல்லை. இரண்டும் தேவை, ஆனால் வேறு வேறு.

6. எங்கே உடையும்?

இனி என் தொழில் புத்தி. ஒரு அமைப்பைப் பார்த்தால் அது எங்கே தோற்கும் என்று தேடுவது.

அ. இரட்டைக் கதவு. விண்ணப்பம் இரண்டு நாட்டிலும் தேற வேண்டும். பேச்சுக்கு ஒவ்வொரு பக்கமும் பத்தில் மூன்று தேறும், இரண்டும் தனித்தனியாக முடிவெடுக்கும் என்று வைத்தால், ரெண்டிலும் தேறுவது நூற்றுக்கு ஒன்பது. நிஜத்தில் நல்ல திட்டம் இரண்டு பக்கமும் நல்லதாகத்தான் தெரியும் என்பதால் இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும், அவர்கள் பக்கம் பட்ஜெட் முடிந்துபோனால் நமக்கும் இல்லை.

ஆ. பாதிக்காசு பாதிக்காசு இல்லை. தோப்புக் கதைக்கு இதுதான் முக்கியம். ஒரு மாதிரிக் கணக்கு. நம் தரப்புச் செலவு 80 லட்சம், இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு 20 லட்சம் வீதம். அரசு பங்கு 40 லட்சம். அது தொடக்கத்தில் 12, முதல் வருட வேலையை ஆய்வு செய்த பின் 16, முடிந்த பின் 12 என்று வருகிறது என வையுங்கள். ஆய்வு, கையெழுத்து எல்லாம் முடிய ஆறு மாதம் பிடித்தால் 16 லட்சம் வருவது 18-ஆம் மாதம். அதுவரை செலவு 60, வந்தது 12, கையை விட்டுப் போனது 48 லட்சம். 24-ஆம் மாத முடிவில் செலவு 80, வந்தது 28, கையிலிருந்து 52 லட்சம். கடைசி 12 லட்சம் 30-ஆம் மாதம் வந்த பிறகுதான் நம் பங்கு 40 ஆகிறது.

ஆக 40 லட்சம் புரட்டினால் போதாது. உச்சத்தில் 52 லட்சம் வேண்டும், அதற்கு வட்டியும் வேண்டும். இந்த ஒரு வரியைப் பார்த்ததும் அத்தை மகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இ. எது செலவு? ஆராய்ச்சி ஆள் சம்பளம், மூலப்பொருள், சோதனைக் கட்டணம், மாதிரி செய்யும் கருவி போன்றவற்றைப் பொதுவாக ஏற்பார்கள். நிலம், கட்டடம், வழக்கமான உற்பத்தித் தறி ஏற்பதில்லை. "தறி ஓட்டத்தையே செலவாக் காட்டலாமே" என்ற யோசனை வேலைக்காகாது. அப்படிக் காட்டித் தணிக்கையில் மாட்டினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டி வரும்.

ஈ. யாருடைய அறிவு? ஒப்பந்தத்தில் இரண்டு வார்த்தைகள் வரும். ஒன்று, ஏற்கெனவே கையில் இருந்த அறிவு. இன்னொன்று, திட்டத்தில் பிறந்த அறிவு. முதலாவது அவரவருடையது. இரண்டாவதுதான் சண்டை வரும் இடம். இந்தத் திட்டங்களில் காப்புரிமையைப் பொதுவாகக் கம்பெனிகளே பேசி முடிக்கட்டும் என்று விடுகிறார்கள். நல்லதுதான், ஆனால் வக்கீல் வைக்கத் தெம்புள்ளவருக்குத்தான் நல்லது. அத்தை மகனுக்கு வந்த வரைவைப் படித்தேன். பூச்சு சம்பந்தமான எல்லா மேம்பாடும் அந்தக் கம்பெனிக்கு, இவனுக்கு இந்தியாவில் மட்டும் விற்கும் உரிமை. அப்படிப் பார்த்தால் இரண்டு வருடம் கழித்தும் இவன் துணி நெய்து கொடுக்கும் ஆள்தான். அதற்கு அரசு பணமும் வேண்டாம், தோப்பும் வேண்டாம்.

உ. உரிமம். ரத்தம் நிறுத்தும் கட்டு சாதாரண பேண்டேஜ் இல்லை. சாதாரண அறுவைச் சிகிச்சைத் துணிக்கே மருந்துச் சட்ட விதிகளில் தர நிர்ணயம் உண்டு. மருந்தோ பூச்சோ சேர்ந்தால் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின் கீழ் சோதனை, அனுமதி என்று போகும். ஆராய்ச்சி நிதி முடியும் இடத்தில்தான் இந்தச் செலவு தொடங்கும். அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

ஊ. உண்மையிலேயே தேவைப்பட்டவருக்குப் போகிறதா? இது திட்டத்தைப் பற்றிய என் விமர்சனம். மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, வெளிநாட்டுப் பங்காளி, ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதும் ஆள் எல்லாம் இருக்கும் கம்பெனி, அரசு பணம் இல்லாமலேயே அந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கக் கூடும். பணம் இல்லாவிட்டால் நிச்சயம் செய்ய முடியாதவரிடம் இந்த மூன்றும் இருப்பதில்லை. நிதி இருக்கிறது, ஏணியின் கீழ்ப்படிகள்தான் இல்லை.

7. கீழ்ப்படிகள்

முழுக்க இல்லை என்று சொல்லிவிட முடியாது. தேடினால் சில கிடைக்கின்றன. கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா 1956 முதல் இருக்கிறது. அங்கே மருத்துவத் துணிக்கென்றே ஒரு சிறப்பு மையம் உண்டு. சோதனைக்கும் மாதிரி செய்வதற்கும் அங்கே போகலாம். மத்திய அரசின் பைராக் அமைப்பு, உயிரி மருத்துவத் துறையில் புது யோசனைக்கு 50 லட்சம் வரை மானியம் தருகிறது. அதற்கு வெளிநாட்டுப் பங்காளி தேவையில்லை. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதித் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. அது பெரும்பாலும் குறைந்த வட்டிக் கடன், பங்கு முதலீடு வகை, நாலாம் படியிலும் அதற்கு மேலும் உள்ள தொழில்நுட்பத்துக்கு. அங்கே போகவும் கையில் ஓரளவு பழுத்த பொருள் இருக்க வேண்டும்.

நான் புரிந்துகொண்ட வரிசை இதுதான். முதலில் உள்ளூரில் ஒரு மாதிரியைச் செய்து, சோதனை முடிவைக் கையில் வாங்குவது. அடுத்து உள்நாட்டு மானியம். அதற்குப் பிறகு இருநாட்டு நிதி. சோதனை அறிக்கை கையில் இருக்கிறவன் ஒப்பந்த மேசையில் உட்காரும்போது அவன் துணிக்காரன் இல்லை, பங்காளி. அந்த மேசையில் பேரம் பேச உதவுவது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அறிவுதான், பணம் இல்லை.

8. தோப்பு என்ன ஆச்சு?

பங்குனியில அவன் மறுபடி வந்தான். கணக்குத் தாளை அத்தை முன்னாடியே விரிச்சு வச்சோம். அத்தை எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. 52 லட்சத்தை மட்டும் விரலால தொட்டுக் காட்டி, "இது திரும்பி வர எத்தன நாளு?"ன்னு கேட்டாங்க. முப்பது மாசம்னேன். "வராமப் போனா?" அதுக்கு ரெண்டு பேர்கிட்டயும் பதில் இல்ல.

அரசு பங்குக்கு அந்த ஆபத்து இல்லை, தோற்றால் விட்டுவிடுவார்கள். ஆனால் நம் பங்கு தோற்றால் வங்கி விடாது. ஆபத்தைப் பகிர்கிறோம் என்று திட்டம் சொல்வது உண்மைதான். பகிர்ந்த பிறகு மிஞ்சும் பாதியைத் தாங்கும் தெம்பு நமக்கு இருக்கிறதா என்பதைத் திட்டம் சொல்லாது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த முறை விண்ணப்பிக்கவில்லை. தோப்பு தோப்பாகவே இருக்கிறது. அவன் தறிகளில் ரெண்டை மட்டும் ஒதுக்கி, பூச்சுக்கு ஏற்ற மாதிரி இழை நெருக்கம் மாற்றி மாதிரித் துணி நெய்கிறான். கையிலிருந்த ஒன்றரை லட்சத்தில் சோதனைகள் நடக்கின்றன. முதல் மாதிரி உறிஞ்சும் சோதனையில் தோற்றது. ரெண்டாவது தேறியது. வெளிநாட்டுக் கம்பெனியிடம், இந்தியாவோடு தென்கிழக்கு ஆசியாவிலும் விற்கும் உரிமை வேண்டும், துணி அமைப்பில் வரும் மேம்பாடு எனக்கு வேண்டும் என்று எழுதியிருக்கிறான். அந்தக் கடிதத்தை நான் ஆங்கிலப்படுத்திக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

நேத்து ராத்திரி போன் பண்ணினான். "மாப்ள, அடுத்த அறிவிப்பு எப்ப வரும்?"

வரும்போது கையில அறிக்கை இருக்கணும்டா, அதப் பாருன்னு சொன்னேன்.